இரண்டு பல் வைத்த கொழுக்கட்டை

ஒக்டோபர் 5, வியாழன்

பை கட்டியாயிற்று. கம்பளிச் சட்டை, தடித்த காலுறை, பிரஷர் குளிசை, கௌசிக்கு நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நகுலண்ணைக்குப் பருத்தித்துறை வடை. வழியில் நானே தின்று முடித்துவிடாமல் இருக்க வடையை அடியில் வைத்திருக்கிறேன்.

தாங்ஸ்கிவிங் விடுமுறை என்றால் எனக்கு ஏரி வீடுதான். கௌசியும் அவள் புருஷன் நகுலண்ணையும் மே மாதம் அங்கே போனால், ஒக்டோபரில் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டுத்தான் ஸ்கார்பரோவுக்குத் திரும்புவார்கள். அந்தக் கடைசிக் கிழமைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கோடை முழுக்க யார் யாரோ நீந்தி, மீன் பிடித்து, இறைச்சி வாட்டித் தின்ற வீட்டைக் கூட்டி மூட நான் ஒருத்தி. அதற்கும் சந்தோஷமாகத்தான் போகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நானும் கௌசியும். இந்த டயறிகூட அவள் தைப்பொங்கலுக்குத் தந்தது.

இந்த முறை ஒரு அலுவலோடு போகிறேன். செந்தூரனிடம் எனக்காக ஒரு வார்த்தை கதைக்கச் சொல்லிக் கௌசியைக் கேட்கப்போகிறேன்.

அவன் என் தம்பி. எனக்குப் பதினாறு வயதாகும்போது அம்மாவுக்குப் பிறந்தவன். அம்மா ஷெல்லடியில் போனபின் அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான், கனடாவுக்குக் கூப்பிட்டதும் நான். அவனுக்காகக் கலியாணம் செய்யாமல் இருந்தேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுத்ததுமில்லை. இப்போது இரண்டரை வருடமாக என்னோடு பேச்சில்லை. அவனுடைய கலியாண வீட்டில் நான் ஒரே ஒரு வசனம் சொன்னேன், அதற்கு.

சண்டை வந்த கிழமை கௌசியின் காருக்குள் இருந்துகொண்டு, "செத்தாலும் அவன்ர வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டன்" என்று கத்தினேன். கோபத்தில் எல்லாரும் கத்துவதுதானே. கௌசி கார் ஓட்டிக்கொண்டே தலையாட்டினாள். இப்போது தண்ணீர் அல்ல, அவன் கொடுத்தால் கஞ்சியும் குடிப்பேன். ஆனால் அதை நானே போய்ச் சொல்ல முடியுமா? நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

ஒக்டோபர் 6, வெள்ளி

வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்கு நகுலண்ணை வந்திருந்தார். இன்னும் மெலிந்திருக்கிறார். ஏரியைச் சுற்றி மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிறது. வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் நாளை மறுநாள் கொட்டப்போகிற இலையைப் பார்க்க இவ்வளவு தூரம் வருகிற சனம் ஒரு மனிசரைப் பார்க்க இவ்வளவு ஆசைப்படுமா தெரியவில்லை.

இரவுச் சாப்பாடு புட்டும் மீன் குழம்பும். கௌசி சமைத்தது, அதனால் இரண்டும் ஒரே பதம். பாவம், அவளுக்குக் கை வராது. ஆனால் ஒன்று, சொல்லிக் கொடுத்தால் ஒரு சொல்லும் மாற்றாமல் செய்வாள். ஜூலை மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, "எடி புனிதம், பல்லுக்கொழுக்கட்டை எப்பிடி அவிக்கிறது? நகுலன்ர பெறாமகளின்ர பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுது, லண்டனில இருந்து கேக்கிறாள்" என்றாள். குழந்தைக்கு முதல் பல் வந்தால் அவித்துத் தலையில் கொட்டுகிற கொழுக்கட்டை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வறுத்த அரிசிமா, பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பூ. பிறைபோல மடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலச் சீவி விளிம்பில் குத்தவேண்டும். எல்லாரும் ஒரு பல் குத்துவார்கள். எங்கள் அம்மா இரண்டு குத்துவா, கீழ்ப்பல் சோடியாகத்தானே வரும் என்று. அதையும் சொன்னேன். குழந்தையைப் பலகையில் இருத்தித் தலைக்கு வெள்ளைத் துணி போட்டு, ஆறவைத்து, தகப்பனோடு பிறந்த மாமி கொட்டவேண்டும், எங்கள் வீட்டு வழக்கம் அது என்றும் சொன்னேன். கௌசி முழுவதையும் திருப்பி எனக்கே ஒப்புவித்தாள். பிறகு பெறாமகள் எப்படி அவித்தாள் என்று கேட்டதற்கு, "நல்லா வந்ததாம்" என்றதோடு சரி. லண்டன் சனத்துக்கு ஒரு நன்றி சொல்ல நேரமில்லை.

வீட்டில் ஒரு புதினம். கதிரைகளுக்கு நடுவில் கிடக்கிற டீப்போவின் நாலு மூலைக்கும் மெத்தென்ற நுரை ஒட்டியிருக்கிறார்கள்.

"என்ன நகுலண்ணை, மேசைக்குச் செருப்புப் போட்டிருக்கிறீங்கள்?"

"முழங்கால் அடிபடுது புனிதம். வயசு போகுதெல்லே."

டீப்போ அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் கீழேதான் நிற்கிறது. முழங்கால் எங்கே அடிபடுகிறது? இன்னும் மெலிந்தால் காற்றும் அடிக்கும் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கௌசி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒக்டோபர் 7, சனி

இன்று படகின் கடைசி ஓட்டம். நாளை கரையேற்றுகிறார்கள்.

ஏரிக்குள் நீளும் மரப்பலகைப் பாதையை இவர்கள் டொக் என்பார்கள். போன வருடம் வெறுமையாகக் கிடந்த டொக்கின் இரு பக்கமும் இந்த முறை இடுப்பளவுக்கு வலை கட்டியிருக்கிறது. வாத்து ஏறி அசிங்கப்படுத்துகிறதாம். வாத்துக்குச் செட்டை இருக்கிறதே என்றேன். நகுலண்ணை எஞ்சினை இழுத்தார், என் பேச்சு அதில் அடிபட்டுப் போய்விட்டது.

நடு ஏரியில் குளிர் காதைக் கடித்தது. தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கௌசி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றினாள். வடையைத் தின்றுகொண்டு பகிடியாகத்தான் கேட்டேன்.

"ஏனடி கோடையில ஒருநாளும் என்னைக் கூப்பிடுறியள் இல்லை? வீடு வாங்கின வருசம் கூப்பிட்டனீங்கள். அதுக்குப் பிறகு குளிருக்குத்தான் நான்."

"கோடையில ஒரே நுளம்பு. சனம் வேற. உனக்கு இப்பதான் வடிவு."

நுளம்பு கடித்து வளர்ந்தவளுக்கு இந்தக் கதை. சரி என்று விட்டேன். விட்டுவிட்டு, கொண்டுவந்த அலுவலைச் சொன்னேன். தம்பியிடம் ஒருக்கால் போ, அக்கா கேட்டவ என்று சொல்லு, ஒரு மணித்தியாலம் வந்து இருந்துவிட்டுப் போகட்டும், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வரட்டும். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. குளிர்.

நகுலண்ணை எஞ்சினை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் தெரியவில்லை. கௌசியைப் பார்த்தார்.

"எங்களோடையும் அவன் கதைக்கிறேல்லையடி," என்றாள் கௌசி. "நம்பரையும் மாத்திப்போட்டானெண்டு உனக்கு அப்பவே சொன்னனானெல்லே. பாப்பம். ஆரும் கண்டால் சொல்லுறன்."

'பாப்பம்' என்றாளே, அது போதும். முடியாது என்று சொல்லவில்லை. மனம் இலேசாக இருக்கிறது. இரவு நித்திரை வரும்.

எழுதும்போது நினைத்துப் பார்த்தேன், அப்படி என்ன சொல்லிவிட்டேன் நான்? கலியாணப் பெண் இந்துஜாவுக்கு முப்பத்தொன்பது வயது. முதல் கலியாணம் முறிந்தவள், அந்தக் கலியாணத்திலும் பிள்ளையில்லை. "இனி எங்கட குடும்பத்தில தொட்டில் கட்டுற வேலை இல்லை" என்றேன். உரக்கச் சொன்னேனா? பக்கத்திலிருந்த கௌசியின் காதுக்குள் சொன்னேன். வீடியோக்காரன் மைக்கை என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றது என் பிழையா? இந்துஜா வீட்டார் எல்லாரும் கூடியிருந்து கலியாண வீடியோ போட்டுப் பார்த்தபோது நாதஸ்வரத்துக்கு நடுவில் என் குரல்தான் கேட்டதாம். அந்த வீடியோக்காரனுக்குக் கூலி கொடுத்தவனும் நான் வளர்த்த தம்பிதான்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

காலையில் படகு ஏறியது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்க, நகுலண்ணை படகைக் கொண்டுவந்து அதன்மேல் விட்டார். எஞ்சினிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, உறையாமல் இருக்க இளஞ்சிவப்புத் தண்ணி ஒன்றை ஓடவிட்டார்கள். பிறகு மேலே படங்கு இழுத்துக் கயிறு கட்டினோம். நான் போட்ட முடிச்சை அவிழ்த்து நகுலண்ணை திருப்பிக் கட்டினார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு வீடு. கரண்டை நிறுத்துவதால் பிரிட்ஜும் ஃப்ரீசரும் காலி செய்யவேண்டும். கௌசி மேலே படுக்கைவிரிப்புகளை மடிக்கப் போனாள். ஃப்ரீசரை நான் செய்கிறேன் என்று நிலவறைக்கு இறங்கினேன். எங்கள் ஆட்களின் ஃப்ரீசர் தெரியும்தானே. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் மட்டும் இருக்காது. ஒன்றில் முருங்கையிலை, ஒன்றில் மீன் தலை, ஒன்றில் மே மாதத்து மோதகம். அடியில் வனிலா என்று எழுதிய பெட்டி ஒன்று. சொதியாக்கும் என்று திறந்தேன்.

கொழுக்கட்டை. பிறை மடிப்பு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் தேங்காய்ச் சொட்டு, சோடி சோடியாக.

பெட்டியைக் கையிலெடுத்து ஃப்ரீசர் மூடியைச் சாத்தினேன். லண்டனில் அவித்த கொழுக்கட்டை இந்த ஏரிக்கு எப்படி வரும்? அப்போதும் மண்டையில் ஏறவில்லை. படியேறி வரும்போது டீப்போ கண்ணில் பட்டது. நாலு மூலையிலும் நுரை. யன்னலுக்கு அப்பால் டொக்கில் வலை. இடுப்பளவுக்கு.

கௌசி தலையணை உறை ஒன்றை உதறிக்கொண்டு வந்தாள்.

"கௌசி, இது ஆற்ற பல்லுக்கு அவிச்சது?"

பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அது... சும்மா அவிச்சுப் பழகினது. லண்டனுக்குச் சொல்லிக் குடுக்கவெல்லே."

"லண்டன் பிள்ளையோ இஞ்ச வந்து டீப்போவில தலை அடிக்கிறது?"

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். தலையணை உறையை மடியில் வைத்து மடித்தாள், விரித்தாள், மடித்தாள்.

"செந்தூரன்ர," என்றாள்.

"எப்ப?"

"போன டிசம்பர்."

"என்ன பிள்ளை?"

"பொம்பிளைப்பிள்ளை."

நகுலண்ணை வாசலில் வந்து நின்றார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றவர் அப்படியே வெளியே போய்விட்டார்.

"நாங்கள் ஒளிக்கவேணுமெண்டு ஒளிக்கேல்லையடி. செந்தூரன்தான் அக்காவுக்குச் சொல்ல வேண்டாமெண்டவன். பிள்ளை வயித்தில நிண்ட நேரம் உன்ர பேரைச் சொன்னாலே இந்துஜா நடுங்குவாள். உன்ர நாவூறு படுமெண்டு பயம். கோடையில சனி ஞாயிறெண்டால் மூண்டு பேரும் இஞ்ச வந்திடுவினம். படகெண்டால் பிள்ளைக்கு உயிர். நான் என்னடி செய்ய?"

"ஆர் கொட்டினது?"

அவள் எழும்பி யன்னலைச் சாத்தப் போனாள்.

"கொழுக்கட்டையை ஆர் கௌசி கொட்டினது?"

"ஒரு மாமி கொட்டவேணுமெண்டு நீதானே சொன்னனீ. அதுக்காக நான்..."

எனக்கு நெஞ்சு எரிந்தது. இப்போதும் எரிகிறது. ஒரு கோடை முழுக்க என் தம்பியின் பிள்ளை இந்தத் தரையில் தவழ்ந்திருக்கிறது. அது போனபின் கூட்டித் துடைத்து மூட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடமே கேட்டு, என் அம்மாவின் பக்குவத்தில், என் மருமகளின் பல்லுக்கு அவித்து, நான் நிற்கவேண்டிய இடத்தில் நின்று கொட்டியிருக்கிறாள். நான் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தேன். தேங்காயை மெல்லிசாகச் சீவு, பிள்ளைக்குக் குத்திப்போடும் என்றுகூடச் சொன்னேன். நேற்றுப் படகில் அழுதபோது, "பாப்பம்" என்று எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். தொட்டில் கட்டமாட்டார்கள் என்றேனா? கட்டிவிட்டார்கள். அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தால் முதல் ஆளாகக் கற்கண்டு வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். மற்றவர்கள் மறைத்தால் மறைக்கட்டும். கௌசி!

பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்க வாய் வரவில்லை. அவள் வாயால் அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

ஒக்டோபர் 9, திங்கள்

காலையில் கௌசி இடியப்பம் அவித்தாள். நான் தொடவில்லை. "வியாழக்கிழமை ஸ்கார்பரோ வாறன், ஆறுதலாக் கதைப்பம்" என்றாள். என்னுடைய மிளகாய்த்தூளைத் திருப்பி எடுத்துப் பைக்குள் வைத்தேன். சின்னத்தனம்தான். வைத்தபின் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பஸ் நிலையத்துக்கு நகுலண்ணை கூட்டிவந்தார். பஸ் நிலையத்தில் காரை நிறுத்தி, பின் இருக்கையிலிருந்து குளிர்ப்பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே அந்த வனிலாப் பெட்டி.

"எனக்கு வேண்டாம்," என்றேன்.

"இது உம்முடையது, புனிதம். கௌசி வைச்சதெண்டு நினைக்கிறீரோ? இந்துஜா எடுத்து வைச்சது. கொட்டி முடிஞ்ச கையோட பெட்டியில போட்டு, 'இது மச்சாளின்ர பங்கு, குடுத்துவிடுங்கோ அன்ரி, வந்து பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்கோ' எண்டு சொன்னது. செந்தூரனும் பக்கத்திலதான் நிண்டவன். ஓமெண்டு தலையாட்டினவன்."

"ஜூலையிலயோ?"

"ஜூலையில."

"செந்தூரன் சொல்ல வேண்டாமெண்டவன் எண்டெல்லே கௌசி சொன்னவ."

"அது பிள்ளை பிறக்க முந்தி." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "எங்களுக்குத்தான் பிள்ளையெண்டு ஒண்டும் இல்லையே. அந்தப் பிள்ளை மடியில ஏறினால் கௌசிக்கு இறக்க மனமில்லை. நீர் வந்தால் எழும்பி இடம் விடவேணுமெல்லே. நானும் ஒவ்வொரு கிழமையும் சொன்னன், குடுமப்பா, குடுத்திடுமப்பா எண்டு. பிறகு சொல்லாமல் விட்டிட்டன். செந்தூரன்ர நம்பரும் மாறேல்லை. பழைய நம்பர்தான்."

பஸ் வந்தது. அவர் என் பையைத் தூக்க வந்தார், நான் விடவில்லை. இரண்டரை வருடமாக என் கைபேசியில் கிடந்த நம்பர். மாறிவிட்டது என்று என் சிநேகிதி சொன்னதால் நான் அதை ஒருநாளும் அழுத்திப் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 10, செவ்வாய்

வேலைக்குப் போனேன். நான் சமைக்கிற முதியோர் இல்லத்து சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருவரும் முறையிடவில்லை, அவர்களுக்கு அது பழகிப்போயிற்று. கௌசி விடாமல் அழைத்தாள். எடுக்கவில்லை. பெட்டி என் ஃப்ரீசரில் இருக்கிறது.

ஒக்டோபர் 11, புதன்

இன்று லீவு. காலையிலிருந்து வீட்டைக் கூட்டினேன், துடைத்தேன், அடுப்பை உரசினேன். வேறு ஒரு வேலையும் மிச்சமில்லாமல் போனபின் அந்த நம்பரை அழுத்தினேன். செந்தூரன் எடுப்பான் என்று நினைத்தேன். பெண் குரல்.

"இந்துஜா, நான் புனிதம் கதைக்கிறன்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த பைப்பைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கோ மச்சாள்."

மரியாதையில் குறைவில்லை. அதற்கு மேலே ஒன்றுமில்லை. நான் படித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"கொழுக்கட்டை கிடைச்சுது," என்றேன்.

"இப்பவோ?"

"திங்கக்கிழமை. நகுலண்ணை தந்தவர். நீங்கள் ஜூலையில குடுத்துவிட்டது எனக்குத் தெரியாது."

"என்ன மச்சாள் சொல்லுறீங்கள்? கௌசி அன்ரி உங்களிட்டை அப்பவே கொண்டுவந்தவ. நீங்கள் வேண்டாமெண்டு திருப்பித் தள்ளினனீங்களாம். செத்தாலும் அவன்ர வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டன் எண்டு சொன்னனீங்களாம். இவர் அதைக் கேட்டுப்போட்டு அண்டைக்கு முழுக்க ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. 'அது அக்காதான், அக்கா அப்பிடித்தான் சொல்லுவா' எண்டு மட்டும் சொன்னவர்."

செத்தாலும், அவன்ர வாசல்ல, ஒரு சொட்டு. யாராவது என் பேரில் பொய் கட்டியிருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் பிசகியிருக்கும், தம்பிக்குப் பிடிபட்டிருக்கும். அவனுக்கு என் பேச்சுத் தெரியும். இது பிசகவில்லை.

"அப்ப நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையோ மச்சாள்?"

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருக்கலாம். கௌசி பொய்க்காரி என்று முடிந்திருக்கும்.

"சொன்னனான்," என்றேன். "உங்கடை கலியாணத்துக்குப் பிறகு, சண்டை பிடிச்ச கிழமை, அவளின்ர காருக்குள்ள இருந்து சொன்னனான். ஜூலையில என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, இந்துஜா."

மறுபக்கத்தில் யாரோ கரண்டியால் மேசையைத் தட்டும் சத்தம். தட்டிவிட்டுச் சிரிக்கும் சத்தம்.

"பிள்ளை சாப்பிடுற நேரம்," என்றாள் இந்துஜா. "இவர் வேலையால வரட்டும். நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லுறன்."

வைத்துவிட்டாள்.

பின்னேரம் முழுக்கத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருக்கால் அடித்தது, கௌசி. விட்டேன். பசித்தது. பெட்டியைத் திறந்து கொழுக்கட்டை ஒன்றை ஆவியில் வைத்து எடுத்தேன். மூன்று மாதம் உறைந்து கிடந்தது வெடித்துப் போயிருக்கும், மாவு கல்லாகியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மாவுப் பதம் சரி. சர்க்கரை சரி. தேங்காய் மெல்லிசாக, பிள்ளைக்குக் குத்தாதபடி சீவி, இரண்டு பல்லும் கீழ் விளிம்பில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நான் சொன்னதில் ஒரு சொல்லையும் கௌசி மாற்றவில்லை.